பதினேழாம் அத்தியாயத்துப் பெண்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலுக்குக் கீழ தள்ளிக்கலாமா தம்பி? ஒண்ணுமில்ல, புஸ்தகம்தான். மேல வச்சா பிரேக் அடிக்கிறப்ப யார் தலையிலயாவது விழும். ஒருதரம் விழுந்திருக்கு. அறுநூறு பக்கம், கெட்டி அட்டை. அடிபட்ட மனுசன் தலையைத் தடவிக்கிட்டே என்ன புஸ்தகம்யா இதுன்னு வாங்கிப் பார்த்தார். அப்புறம் அவரே ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போனார். நம்ம வாசகர்கள்ல பாதிப்பேர் இப்படிக் கிடைச்சவங்கதான்.

மதுரைக்கா? நானும் அங்கதான். ரெண்டு சீட்டு சேர்ந்தாப்புல காலியா இருக்கான்னு பார்த்துதான் ஏறினேன். என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரலாம்னு காலையில சங்கரன்கோவில் வந்தேன். வரல. ஏறினப்புறம்தான் தோணுச்சு, ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு சீட்டுன்னு. நீங்க உக்காந்திருக்கிறது அவ சீட்டு. அட, எந்திரிக்காதீங்க, சும்மா சொன்னேன். உக்காருங்க.

எட்டு மாசமாச்சு அவ வீட்டை விட்டுப் போயி. சண்டையான்னு கேப்பீங்க. எல்லாரும் கேக்குறாங்க. சண்டையே இல்ல தம்பி. கல்யாணமாகி இருபத்தொரு வருசத்துல அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. குடி கிடையாது, சீட்டு கிடையாது. எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் புஸ்தகம் போடுறது.

மூணாம் நிலா பதிப்பகம். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவாயில்ல, கேள்விப்பட்டேன்னு சொல்றவங்களைத்தான் நான் நம்புறதில்ல. நாங்க போடுறது எல்லாமே ஃபேன்டசி. பறக்குற மலை, பேசுற நெருப்பு, அந்த மாதிரி. கூட்டுறவு சங்கத்துல எழுத்தரா இருந்தேன், அதை விட்டுட்டு இதை ஆரம்பிச்சேன். சொந்தக்காரங்க எல்லாம், இந்த வயசுல குழந்தைக் கதையான்னாங்க. குழந்தைக் கதை இல்லய்யா, பெரியவங்க படிக்கிறதுன்னு சொன்னா ஒரு மாதிரியா பார்க்குறாங்க. அப்படியும் பதினாறு வருசத்துல இருபத்திமூணு புஸ்தகம். புதூர்ல எங்க வீட்டு முன் ரூம்தான் ஆபீஸ். ஆபீஸ்னா நானும் அவளும். நான் எல்லாத்தையும் தீர்மானிப்பேன். வடிவு சும்மா ஒத்தாசைக்கு.

வடிவுங்கிறது அவ பேரு.

ஒத்தாசைன்னா, டைப் பண்றது அவதான். பிழை பார்க்குறதும் அவதான். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பா, ஒரு புள்ளி தப்பாது. பக்கம் கட்டுறது, பார்சல் போடுறது, அட்ரஸ் எழுதுறது, தபாலாபீசுக்குக் கொண்டுபோறது, திரும்பி வந்த பார்சலுக்குப் போன் போட்டு அட்ரஸ் கேக்குறது, இதெல்லாம் பார்த்துக்குவா. மத்தபடி பதிப்பகத்து வேலை பூராம் நான்தான்.

எங்களைத் தூக்கி நிறுத்தினது சாம்பல் நாடுன்னு ஒரு தொடர் நாவல். தூத்துக்குடி துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆன அமிர்தம் சார்னு ஒருத்தர் எழுதுறார். என்ன கற்பனைங்கறீங்க. எரிஞ்சு போன ஒரு நாடு, அந்தச் சாம்பல்லயே திரும்ப ஒரு கோட்டை கட்டி வாழுறாங்க. அஞ்சு பாகம் வந்தாச்சு. அவர் கோடு போடாத நோட்டுல கையால எழுதுவார். அந்தக் கையெழுத்தை மறுநாள் அவரே படிக்க முடியாது. வடிவு படிப்பா. சில சமயம் அவரே தூத்துக்குடியில இருந்து போன் போட்டு, ஏம்மா, நாப்பதாம் பக்கத்துல நான் என்ன எழுதியிருக்கேன்னு இவகிட்ட கேப்பார்.

முதல் பாகத்துல பேரெல்லாம் அவரே வச்சார். சோர்க்கான், இம்ரூத், வால்டேகான்னு. படிச்சவங்க எல்லாம் வாய்ல நுழையலன்னுட்டாங்க. அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இதுல மட்டும் என்னை நீங்க பாராட்டணும் தம்பி. முன்கூட்டியே புஸ்தகத்துக்குப் பதிவு பண்ற வாசகர் பேரையே கதையில வர்ற ஆளுங்களுக்கு வச்சுட்டா என்ன? வாசகருக்கு ஒரு மரியாதை, நமக்கும் ஊர்ப்பக்கத்துப் பேரா கிடைக்கும். அமிர்தம் சாரும் சரின்னுட்டார். பெரிய ஆளுங்க பேரை அவர் வச்சுக்குவார். சின்ன ஆளுங்க வர்ற எடத்துல ஒரு வட்டம் மட்டும் போட்டு விட்டுருவார். வடிவு டைப் பண்ணும்போதும் வட்டமாவே விட்டுருவா. அப்புறம் நான் லிஸ்ட்டை வச்சுக்கிட்டு எந்தப் பேரை எங்க போடுறதுன்னு ப்ரூஃப்ல சிவப்பு மையில எழுதுவேன்.

அதுக்கப்புறம் பார்க்கணுமே. கயத்தாறு இன்னாசிமுத்து எட்டுக் கை கொல்லன். விருதுநகர்ல மருந்துக்கடை வச்சிருக்கிற தவமணி, நெருப்பு கக்குற பாம்பு. அவரு அந்தப் பக்கத்தை லேமினேஷன் பண்ணிக் கடையில மாட்டியிருக்கார். ஒருத்தர் மாமியார் பேரைக் கொடுத்து சூனியக்காரிக்குத்தான் வைக்கணும்னு கெஞ்சினார். இன்னொருத்தர் தன் பேரைக் குதிரை கழுவுறவனுக்கு வச்சிட்டேன்னு மூணு மாசம் என்னோட பேசல. நம்ம பார்சல் நசுங்காம போகணும்னு லாரி ஆபீஸ் புக்கிங் கிளார்க் பேரைக்கூட ஒரு அரக்கனுக்கு வச்சேன். டீக்கடைக்காரருக்கு வச்சேன். பைண்டிங் பண்றவருக்கு வச்சேன். நாலு பாகத்துல நானூறு பேருக்கு மேல சாம்பல் நாட்டுல குடியேத்தியிருக்கேன்.

வடிவு பேரா? அதை எதுக்குங்க வைக்கிறது. அது வெளியாளுக்குப் பண்ற மரியாதை, நம்ம வீட்டு ஆளுக்கு எதுக்கு. ஒருதரம் அவளே கேட்டா, விளையாட்டாத்தான். ரெண்டாம் பாகம் வந்த சமயம். நாலு வாசகருங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. காப்பி கொடுத்துக்கிட்டே, ஏங்க, எனக்கெல்லாம் கிடையாதான்னா. நீ முன்பதிவு பண்ணியான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும்தான் சிரிச்சா. அத்தோட முடிஞ்சுபோச்சு.

இல்ல, அவளை நான் ஒதுக்கி வச்சேன்னு நினைச்சிராதீங்க. எல்லாப் புஸ்தகக் கண்காட்சிக்கும் கூட்டிட்டுப் போவேன். ஸ்டால்ல அவதான் உக்காருவா. வாசகருங்க வந்து என்னோடயும் அமிர்தம் சாரோடயும் போட்டோ எடுக்கணும்பாங்க. வடிவு நல்லா எடுப்பா. தலை வெட்டாம, பின்னாடி பதிப்பகம் போர்டு தெரியிற மாதிரி எடுக்குறதுக்கு அவளை விட்டா ஆளில்ல. பதினாறு வருசப் போட்டோவும் அவ எடுத்ததுதான். போன மாசம் அவ போட்டோ ஒண்ணு வேணும்னு தேடினேன், ரேஷன் கார்டு விஷயமா. முந்நூறு போட்டோ பார்த்தேன் தம்பி. ஒண்ணுல அவ முழங்கை மட்டும் இருந்துச்சு.

ராஜபாளையம் வந்தாச்சா. இங்க ஒரு பத்து நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம். சங்கரன்கோவில்ல ஒண்ணு குடிச்சதே போதும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நாலாம் பாகம். போன கார்த்திகையில ப்ரூஃப் பார்த்துக்கிட்டிருந்தோம். சென்னைக் கண்காட்சிக்குள்ள புஸ்தகம் வந்தாகணும், சிவகாசியில அச்சுக்கு நாள் குறிச்சாச்சு. அந்தத் தடவை நூத்து நாப்பத்திமூணு பேர் பதிவு பண்ணியிருந்தாங்க. நூத்து நாப்பத்திரெண்டு பேருக்கு எடம் கண்டுபிடிச்சுட்டேன். ஒரே ஒரு பேர் மிச்சம். ஹெலன் சுகந்தி, நாகர்கோவில், ஸ்கூல் டீச்சர். எந்த வட்டமும் மிச்சமில்ல. ராத்திரி தூக்கமில்ல எனக்கு, ஒரு வாசகர் பேர் விட்டுப்போச்சுன்னா பதிப்பகம் மானமே போயிரும்.

அப்பதான் பதினேழாம் அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டுறேன். கோட்டையை எதிரி வளைச்சுட்டான். உள்ள ஒரே களேபரம். அரண்மனை அடுக்களையில இருபது வருசமா சமைக்கிற ஒரு பொம்பளை, கரண்டியை வச்சுட்டு, கையைத் துடைச்சுட்டு, மேற்கு வாசல் வழியா நடந்து வெளிய போயிடுறா. காவக்காரனுங்க தண்ணி எடுக்கத்தான் போறான்னு விட்டுடுறானுங்க. அவ்வளவுதான், ஒரே பக்கம். அதுக்கப்புறம் அவ கதையில வரவே மாட்டா. அந்த எடத்துல வட்டம் இல்ல. வடிவுன்னு டைப் பண்ணியிருந்துச்சு.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வட்டம் போட்டா அவசரத்துல கண்ணுல படாம அச்சுக்குப் போயிரும்னு, இவ தன் பேரைப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்கான்னு நினைச்சேன். பஸ்ல துண்டு போடுறோமில்ல, அந்த மாதிரி. சந்தோசமாயிட்டேன். அந்தப் பக்கத்துல வடிவுங்கிற பேரு ஏழு எடத்துல வருது. ஏழையும் சிவப்பு மையில அடிச்சேன். மேல ஹெலன் சுகந்தின்னு எழுதினேன். பக்கத்துல, நல்லவேளை எடம் பிடிச்சு வச்சே, சபாஷ்னு எழுதி, அவ மேஜையில வச்சேன்.

அவ வந்து உக்காந்தா. எடுத்தா, பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா, அது ஞாபகமிருக்கு. வேற பிழை எதும் இருக்கான்னு கேட்டேன். இல்லங்கன்னா. அப்புறம் அவளே ஏழு எடத்துலயும் மாத்தினா. சரியா மாத்தியிருந்தா. அதுபோக நான் கவனிக்காம விட்ட எடம் ஒண்ணு, எட்டாவது. அடுத்த பக்கத்து முதல் வரியில இருந்திருக்கு. அதையும் அவளே கண்டுபிடிச்சு மாத்தியிருந்தா.

ஹெலன் சுகந்தி டீச்சர் என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. புஸ்தகம் போய்ச் சேர்ந்த அன்னிக்கே போன். சார், எல்லாருக்கும் போர்வீரன், மந்திரவாதின்னு கொடுத்திருக்கீங்க, எனக்கு மட்டும் சமையக்காரியா, அதுவும் ஒரே பக்கத்துல வந்து ஒண்ணும் பண்ணாம போயிடுறா, நான் என்ன பாவம் பண்ணேன்னாங்க. ஒரு வாரம் என் உயிரை எடுத்துட்டாங்க. அடுத்த பாகத்துல நல்லதா பார்த்து வைக்கிறேன்னு சொல்லிச் சமாதானப்படுத்தினேன். இதெல்லாம் வடிவு பக்கத்துல உக்காந்து பார்சல் ஒட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா.

கண்காட்சி முடிஞ்சுது. சென்னையில இருந்து வந்து, மிச்சமிருந்த முன்பதிவுப் பார்சல் எல்லாத்தையும் ஒரு வாரத்துல அனுப்பி முடிச்சா. மறுநாள் காலையில ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வெளிய போனா. நான் போன் பேசிக்கிட்டிருந்தேன். தபாலாபீசுக்குப் போறான்னு நினைச்சுக்கிட்டேன். எங்க போறேன்னு கேக்கல. தினம் போறதுதானே, எதுக்குக் கேக்கணும்.

மத்தியானம் பசிச்சப்பதான் வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தேன். சோறு வடிச்சு வச்சிருந்தா. கம்ப்யூட்டர் மேல ஒரு தாள். எந்தெந்த ஊர்ப் பார்சல் திரும்பி வரும், அதுக்கு யாருக்குப் போன் பண்ணணும், கேஸ் புக் எந்த டப்பாவுல இருக்கு, பழைய பாகத்து ஃபைலெல்லாம் எந்த டிஸ்க்குல இருக்குன்னு வரிசையா எழுதியிருந்தா. வேலை லிஸ்ட்டுன்னு மடிச்சு வச்சுட்டேன். சாயங்காலம் ஒரு பார்சல் திரும்பி வந்துச்சு. யாருக்குப் போன் பண்ணணும்னு பார்க்க அந்தத் தாளை எடுத்தேன். கடைசி வரி அப்பதான் கண்ணுல பட்டுச்சு. நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன், தேட வேண்டாம்னு இருந்துச்சு.

தானா வந்துருவான்னு நினைச்சேன். நாலு நாள், பத்து நாள். போன் பண்ணினா எடுப்பா தம்பி. அதான் ஆச்சரியம். எட்டு மாசத்துல ஒரு நாப்பது தடவை பேசியிருப்போம். அட்டை டிசைன் ஃபைல் எங்க இருக்கு, சிவகாசிக்கு எந்த அளவுல அனுப்பணும், அந்த பாஸ்வேர்ட் என்னன்னு கேப்பேன். பொறுமையா சொல்லுவா. ஏன் போனேன்னு மட்டும் நான் கேக்கல. கேட்டா அவளுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.

ஆடி மாசம் அமிர்தம் சார் அஞ்சாம் பாகத்து நோட்டைத் தூக்கிக்கிட்டு நேர்லயே வந்தார். வடிவு இல்லாம அதை யார் படிக்கிறது, அதனால அவரே பக்கத்துல உக்காந்து வாசிக்க, நான் ரெண்டு விரலால தட்டிக்கிட்டிருந்தேன். நடுவுல நிறுத்திட்டு, பால்வண்ணன், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், பதினேழாம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு பேரை ஏன் எடுத்தீங்கன்னார். எந்தப் பேரைன்னேன். வடிவும்மா பேரைத்தான், அது எனக்குப் போன் பண்ணி அனுமதி கேட்டுத்தானே போட்டுச்சுன்னார்.

அவர் சொல்றார், இவ கூப்பிட்டிருக்கா. சார், மேற்கு வாசல் வழியா வெளிய போற அந்தப் பொண்ணுக்கு நீங்க பேரும் வைக்கல, வட்டமும் போடல, அதுக்கு என் பேரைப் போட்டுக்கவான்னு கேட்டிருக்கா. இவர், அதென்னம்மா கேள்வி, பட்டத்தரசி பேரைக் கேளு, தர்றேன்னு சொல்லியிருக்கார். வேணாம் சார், இது போதும்னு இவ சொல்லியிருக்கா.

அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. அடப்பாவி, எடம் பிடிக்க இல்லடா அது. ஆசைப்பட்டுப் போட்டிருக்கா. எனக்கு அப்படி ஒரு கஷ்டமாயிருச்சு. பதினாறு வருசத்துல தனக்குன்னு ஒரு புடவை கேட்டதில்ல அவ. அப்பவே முடிவு பண்ணிட்டேன். அமிர்தம் சாரே பட்டத்தரசி பேரைத் தர்றேன்னிருக்கார், அப்புறம் என்ன. அஞ்சாம் பாகம் கடைசி அத்தியாயத்துல சாம்பல் நாட்டுக்குப் புதுசா ஒரு பேரரசி முடி சூட்டிக்கிறா. அந்தப் பேரரசிக்கு, இந்தத் தடவை பதிவு பண்ணின நூத்து எழுபது வாசகர்கள்ல யார் பேரும் கிடையாது. வடிவம்மை. முப்பத்தாறு பக்கம், முப்பத்தாறுலயும் அவ பேரு. சிம்மாசனத்துல உக்காந்திருக்கிற மாதிரி அட்டையிலயே படம். நானே டைப் பண்ணேன் தம்பி, ரெண்டு விரலால. நானே ப்ரூஃப் பார்த்தேன். அச்சுல இருந்து முதல் கட்டு நேத்து வந்துச்சு. யாருக்கும் கொடுக்கல. முதல் பிரதி அவளுக்குத்தான்னு இன்னிக்குக் காலையில முதல் பஸ் பிடிச்சு வந்தேன்.

அவ இப்ப தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஒரு இ-சேவை மையத்துல வேலை பார்க்குறா. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், அதுக்கெல்லாம் விண்ணப்பம் ஏத்திக் கொடுக்குற எடம். ஒரே கூட்டம். நேரா உள்ள போனேன், வரிசையில வாங்கன்னு ஒரு கிழவி என்னை இழுத்து விட்டுச்சு. நின்னேன். வரிசையில நின்னு என் பொண்டாட்டியைப் பார்த்தேன். என் முறை வந்தப்ப நிமிந்து பார்த்துட்டு, வாங்க, சாப்பிட்டீங்களான்னா. எட்டு மாசம் கழிச்சுப் பார்க்குற ஆளு மாதிரியே இல்ல. பத்து நிமிசம் பொறுங்கன்னு சொல்லிட்டு, எனக்குப் பின்னாடி நின்ன நாலு பேர் வேலையை முடிச்சுட்டு வந்தா.

எதிர்த்தாப்புல ஒரு பேக்கரியில உக்காந்தோம். டீ சொன்னேன். புஸ்தகத்தை எடுத்து வச்சேன். அட்டையைத் தடவிப் பார்த்து, நல்லா வந்திருக்குங்கன்னா. கடைசி அத்தியாயத்துல நான் ஒரு சீட்டு வச்சிருந்தேன், அந்த எடத்தைத் திறந்து கொடுத்தேன். படிச்சா. மூணு பக்கம், நாலு பக்கம்.

"ஐநூத்தி அறுபத்தெட்டாம் பக்கத்துல ஒரு வரி ரெண்டு தடவை வந்திருக்கு, பாருங்க"ன்னா.

"அதை விடு. பேரைப் பாரு."

"பார்த்தேங்க."

"பேரரசி."

"ம்."

நான்தான் பேசினேன். தப்பு நடந்துபோச்சு, நீ எடம் பிடிக்க வச்சிருக்கேன்னு நினைச்சுட்டேன், அமிர்தம் சார் எல்லாத்தையும் சொன்னார்னேன். நீ இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு, ஆறாம் பாகம் வருது, வீட்டுக்கு வா வடிவுன்னேன். டீ ஆறிக்கிட்டிருந்துச்சு. குடிங்கன்னு என் பக்கம் நகர்த்தி வச்சா. அப்புறம் பேசினா தம்பி. அவ அவ்வளவு நீளமா பேசி நான் கேட்டதே இல்ல.

"நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எனக்கு இந்த ராஜா ராணிக் கதையெல்லாம் பிடிச்சதே இல்லங்க. இதுக்கு முன்னாடி வந்த இருபத்திரெண்டு புஸ்தகமும் ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கேன். உங்களுக்குப் பிடிக்குமேன்னு படிச்சேன். அந்த ஒரு பக்கம்தான் எனக்குப் பிடிச்சுது. கரண்டியை வச்சுட்டு அவ பாட்டுக்குப் போறா பாருங்க. அதை டைப் பண்ணும்போது எனக்குக் கை ஓடல. அவளோட நானும் கொஞ்ச தூரம் போயிட்டு வந்தா என்னன்னு தோணுச்சு. போயிட்டு, திரும்பி வந்து உலை வச்சிருப்பேன். என்னை அதுல போக விட்டிருந்தீங்கன்னா, நான் இங்க வந்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."

கோவமே இல்ல அவ குரல்ல. பாஸ்வேர்ட் சொல்லுவாளே, அதே குரல்தான்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அழுதுட்டேன். பேக்கரிக்காரன் பார்க்குறான்னு தெரியிது, அடக்க முடியல. ஒரு பேருதானே தம்பி. மூணெழுத்து. யாரு யாருக்கோ வச்சேன். லாரி ஆபீஸ் கிளார்க்குக்கு வச்சேன். நான் கெட்டவன் இல்ல. ஆனா அவ பதினாறு வருசத்துல தானா எடுத்துக்கிட்டது அந்த ஒரு எடம்தான், அதையும் நான் சபாஷ்னு எழுதிப் பிடுங்கியிருக்கேன்.

கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னேன். நாலாம் பாகம் தீந்துபோச்சு, ரெண்டாம் பதிப்பு போகப்போகுது. எட்டு எடத்துலயும் திரும்ப உன் பேரையே போட்டுடுறேன், நாளைக்கே மாத்துறேன்னேன். அவசரமா தலையை ஆட்டினா. அப்பதான் முதல்தடவையா அவ மொகம் மாறுச்சு.

"வேணாங்க. இப்ப அது அந்த டீச்சரோட பேரு. அவங்களுக்குப் பிடிக்கலன்னாலும் அவங்க பேரு அச்சுல வந்தாச்சு. அதை அடிக்காதீங்க. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

புஸ்தகத்தை வாங்கி வச்சுக்கிட்டா. படிச்சுப் பிழையெல்லாம் குறிச்சு அனுப்புறேன்னு சொன்னா. அனுப்புவா, அவ சொன்னா செய்வா. அப்ப வர்றியான்னு இன்னொரு தரம் கேட்டேன். பஸ் மூணு மணிக்கு இருக்கு, வெயில் படாத பக்கமா சீட்ல உக்காந்துருங்கன்னா. அதுதான் பதில் போலிருக்கு.

ரோட்டைத் தாண்டி அவ உள்ள போயிட்டா. நான் போகாம அந்த மையத்து வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னேன். என்னை வரிசையில இழுத்து விட்டுச்சே, அந்தக் கிழவி இப்ப அவ எதிர்ல உக்காந்திருந்துச்சு. முதியோர் பென்சனுக்கு, விட்டுப்போன தாள் ஏதோ எடுத்துட்டுத் திரும்பி வந்திருக்கும் போல. இவ கீபோர்டுல கையை வச்சுக்கிட்டு, உங்க பேரு என்னம்மான்னு கேட்டா. அது காது கேக்காத கிழவி, வேற என்னமோ சொல்லுச்சு. இவ எந்திரிச்சு, அது பக்கத்துல போய் உக்காந்து, அவசரமில்ல, உங்க முழுப்பேரையும் சொல்லுங்கன்னு திரும்பவும் கேட்டா.